காட்டுச் செஸ்ட்நட் மரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டித் தானாக முளைத்து வளரும் அமெரிக்க செஸ்ட்நட் (காஸ்டானியா டென்டாட்டா) மரத்தைப் பற்றிய பக்கம் இது. நியூ ஜெர்சி, வர்ஜீனியா, டொராண்டோ என்று அந்தப் பக்கம் குடியிருந்து வார இறுதியில் மலையேறப் போகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

அந்த மரம்தான் எப்போதோ அழிந்துவிட்டதே, எதைத் தேடச் சொல்கிறீர்கள்?

பெரிய மரங்கள்தான் போயின, வேர்கள் போகவில்லை. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை வளாகத்தில் நின்ற செஸ்ட்நட் மரங்களில் ஒரு பட்டை நோய் கண்ணில் பட்டது. அதற்குக் காரணம் கிரைஃபோனெக்ட்ரியா பாராசிட்டிகா என்ற ஆசியப் பூஞ்சை. இறக்குமதியான ஜப்பானியச் செஸ்ட்நட் கன்றுகளோடு அது வந்து சேர்ந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் மெயின் மாநிலத்திலிருந்து அலபாமா வரை 300 முதல் 400 கோடி மரங்கள் பட்டுப்போயின.

ஆனால் இந்தப் பூஞ்சை தரைக்கு மேலே உள்ள பட்டையைத்தான் கொல்லும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் வேரை அண்ட விடுவதில்லை. அதனால் தண்டு செத்தாலும் வேர்க்கழுத்திலிருந்து மறுதாம்பு கிளம்புகிறது. அது வளர்ந்து, பட்டை வெடிக்கும் பருவத்தில் நோய் பிடித்து, செத்து, மறுபடி துளிர்க்கிறது. நூறாண்டாக இப்படியே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர்கள் காடு முழுக்க உண்டு. இன்றைக்கும் சுமார் 43 கோடி செஸ்ட்நட்கள் இயற்கை எல்லைக்குள் இருப்பதாக வனக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை 2.5 சென்டிமீட்டர் பருமன்கூட இல்லாதவை.

அப்படியானால் காட்டில் பார்க்கும்போது எப்படி இருக்கும்?

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பழைய புகைப்படங்களில் உள்ள நூறடி மரத்தை மனதில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் காலடியில் இருப்பது தெரியாது. நீங்கள் தேட வேண்டியது முழங்கால் உயரத்திலிருந்து 15 அடி வரை உள்ள தண்டுக் கொத்து. விரல் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரை நாலைந்து தண்டுகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கும். நடுவில் பட்டை உரிந்து சாம்பல் நிறமாகக் காய்ந்த பழைய தண்டு ஒன்றாவது நிற்கும், அல்லது சாய்ந்து கிடக்கும். பச்சைக் கொத்தும் நடுவில் செத்த குச்சியும் சேர்ந்து இருந்தால் கிட்டப் போய் இலையைப் பாருங்கள்.

சில இடங்களில் அந்தக் காலத்து அடிக்கட்டையே மிஞ்சியிருக்கும். செஸ்ட்நட் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம் என்பதால் எளிதில் மக்காது. உள்ளே பொள்ளலாகி, பட்டையே இல்லாமல், வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்றடி அகலமுள்ள கட்டையைக் கண்டால் அதைச் சுற்றித் தேடிப்பாருங்கள்.

எந்த மாதிரி இடத்தில் தேட வேண்டும்?

எங்கே நேரத்தைச் செலவழிக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஓடைக்கரை, தண்ணீர் தேங்கும் பள்ளம், களிமண் பாங்கு, சுண்ணாம்புக்கல் பூமி ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். செஸ்ட்நட்டுக்கு வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது, மண்ணும் அமிலத்தன்மையுள்ளதாக இருக்க வேண்டும். கார அமில எண் (pH) 4.5 முதல் 6.5 வரை இருக்கும் மணற்பாங்கான அல்லது சரளை மண்தான் அதற்கு உகந்தது.

ஆகவே முகடும் மேல்சரிவும்தான் இடம். வரைபடத்தில் மணற்பாறை, கிரானைட் அடித்தளமுள்ள முகடுகளைக் குறித்துக்கொண்டு அவற்றின் மேல் ஓடும் நடைபாதையில் நடங்கள். கூட வளரும் செடிகள் நல்ல வழிகாட்டி. தரையில் காட்டு ப்ளூபெர்ரி, ஹக்கிள்பெர்ரி, இடுப்புயரத்தில் மவுண்டன் லாரல் புதர், மேலே செஸ்ட்நட் ஓக், சிவப்பு ஓக், சிவப்பு மேப்பிள், சாஸஃப்ராஸ் என்று இருந்தால் சரியான மண்ணில் நிற்கிறீர்கள். ப்ளூபெர்ரி மறைந்து பெரணியும் ஈரப் பாசியும் அதிகரித்தால் கீழே இறங்கிவிட்டீர்கள் என்று பொருள், திரும்பி ஏறுங்கள்.

வர்ஜீனியாவில் ஷெனண்டோவா பூங்காவும் ப்ளூ ரிட்ஜ் முகடும், மேரிலாந்தில் கட்டாக்டின் மலை, நியூ ஜெர்சியில் கிட்டட்டினி முகடு, நியூயார்க்கில் ஹாரிமன் பூங்கா, வட கரோலினா, டென்னஸி எல்லையில் ஸ்மோக்கி மலைகள் ஆகியவை தொடங்குவதற்கு நல்ல இடங்கள்.

மறுதாம்பை மட்டும் பார்த்தால் போதுமென்றால் அடர்ந்த நிழலிலும் கிடைக்கும். பூத்துக் காய்க்கும் மரம் வேண்டுமென்றால் வெயிலைத் தேடிப் போக வேண்டும். சாலை விளிம்பு, மின்கம்பித் தடத்துக்காக வெட்டிய இடம், சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டிய அல்லது தீப்பிடித்த சரிவு ஆகியவற்றைப் பாருங்கள். நிழலில் பல ஆண்டுகள் குச்சியாகவே நின்ற செடி, மேல்மூட்டம் திறந்தவுடன் விறுவிறுவென்று வளர்ந்து பூக்கும். நோய் வந்து அதை வீழ்த்துவதற்குள் நமக்குக் கிடைப்பது சில ஆண்டுகள் மட்டுமே. மரம் வெட்டிய சரிவுகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்பப் போய்ப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரைதான் பூக்கும் மரத்தைக் கண்டுபிடிக்க மிகச் சிறந்த காலம். ஓக் மரங்கள் வசந்தத்திலேயே பூத்து முடித்திருக்கும். செஸ்ட்நட் மட்டும் ஆறு முதல் எட்டு அங்குல நீளப் பூங்கதிர்களைக் கிளை நுனியெங்கும் நீட்டி, பச்சைச் சரிவின் நடுவே பாலாடை நிறத் திட்டாகத் தெரியும். எதிர் முகட்டில் நின்று இருகண் நோக்கியால் சரிவை அலசுங்கள். டிரோன் பறக்கவிட அனுமதியுள்ள இடமென்றால் இன்னும் எளிது. தென்பகுதியில் சோர்வுட் மரமும் ஜூலையில் வெள்ளையாகப் பூக்கும். அதன் பூ தொங்கும் சிறு மணிகளாக இருக்கும், இலைப் பற்களும் மிக நுண்ணியவை.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை முள்ளோடு (கொட்டையை மூடிய முள் நிறைந்த ஓடு) வெடித்துக் கொட்டை விழும். மேப்பிள் இலையெல்லாம் கொட்டிய பிறகும் செஸ்ட்நட் மறுதாம்பு மஞ்சளாக நிற்கும் என்பதால் அக்டோபர் பிற்பாதியில் குட்டைச் செடிகளைக் கண்டுபிடிப்பதும் சுலபம். குளிர்காலத்தில் மொட்டையும் தரையில் கிடக்கும் முள்ளோட்டையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

இலையில் எதைப் பார்க்க வேண்டும்?

மாவிலை அளவுக்கு நீளமான இலை, ஆனால் இரண்டு ஓரமும் ரம்பம். நீளம் 5 முதல் 8 அங்குலம், சில சமயம் அதற்கும் மேல். நடுநரம்பிலிருந்து கிளம்பும் பக்க நரம்பு ஒவ்வொன்றும் நேர்க்கோடாக ஓடி ஒரு பல்லில் போய் முடியும். நரம்புக்கு ஒரு பல், பல்லுக்கு ஒரு நரம்பு. இந்தக் கணக்கு தவறினால் அது செஸ்ட்நட் இனமே இல்லை என்று விட்டுவிடலாம்.

அமெரிக்கச் செஸ்ட்நட்டில் அந்தப் பல் பெரியது, நுனி இலை முனையைப் பார்த்துக் கொக்கிபோல வளைந்திருக்கும். கடலில் சுருண்டு எழும் அலைகளை வரிசையாக வரைந்தால் எப்படியோ அப்படி. இலையின் அடிப்பக்கம் காம்பை நோக்கிக் கூராகக் குறுகும். மேற்பரப்பு மங்கலாக இருக்கும், பளபளக்காது. விரலிடையில் பிடித்தால் தாள்போல மெலிதாக இருக்கும், தோல்போலத் தடிப்பாக இருக்காது.

இனிமேல்தான் முக்கியமான சோதனை. இலையைத் திருப்பி வெயிலில் சாய்வாகப் பிடித்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நடுநரம்பை ஒட்டி நீளமான ரோமம் அங்கொன்று இங்கொன்று தெரியலாம். நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பு பச்சையாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெண்மையாக, பஞ்சு படிந்த மாதிரி தெரிந்தால் அது சீனச் செஸ்ட்நட் அல்லது சிங்கப்பின்.

எந்த இலையைப் பறிக்கிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். நிழலில் வளர்ந்த சீனச் செஸ்ட்நட் இலையில் ரோமம் குறைவாக இருக்கும், மெலிதாகவும் இருக்கும். அதைப் பார்த்து அமெரிக்க மரம் என்று நம்பிவிடுபவர்கள் நிறைய. எப்போதும் வெயில் படும் கிளையிலிருந்து, ஜூன் நடுவுக்குப் பிறகு முற்றிய இலையைப் பாருங்கள். வேரடியிலிருந்து புதிதாகக் கிளம்பிய தளிரின் இலை அளவிலும் வடிவிலும் தாறுமாறாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சீனச் செஸ்ட்நட்டிலிருந்து எப்படிப் பிரிப்பது?

"செஸ்ட்நட் கண்டுபிடித்துவிட்டேன்" என்று வரும் செய்திகளில், தோட்டத்திலோ பண்ணை ஓரத்திலோ நிற்கும் பெரிய மரம் பெரும்பாலும் சீனச் செஸ்ட்நட் (காஸ்டானியா மொல்லிஸ்ஸிமா) ஆகத்தான் இருக்கும். நோயைத் தாங்கும் என்பதால் நட்டிருக்கிறார்கள். மரத்தின் வடிவமே பாதி சொல்லிவிடும். சீன மரம் தாழ்வாகவே கிளைத்து ஆப்பிள் மரம் மாதிரி அகலப் படரும். அமெரிக்க மரம் காட்டில் நேராக ஓங்கி வளரும்.

ஆனால் வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது. நான்கு இடங்களைப் பாருங்கள்.

சுள்ளி: அமெரிக்க மரத்தில் ஒல்லியாக, செம்பழுப்பாக, ரோமமில்லாமல், நுண்ணிய வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். சீன மரத்தில் தடிப்பாக, மங்கிய பழுப்பு அல்லது பட்டாணிப் பச்சை நிறத்தில், நுனியில் ரோமத்தோடு, புள்ளிகள் பெரிதாக இருக்கும்.

மொட்டு: அமெரிக்க மரத்தில் சுமார் கால் அங்குலம், கூர்மை, வழுவழுப்பு, சுள்ளியிலிருந்து விலகி நீட்டிக்கொண்டு நிற்கும். சீன மரத்தில் உருண்டை, ரோமம், சுள்ளியோடு ஒட்டிப் படிந்திருக்கும். குளிர்காலத்தில் கைகொடுப்பது இதுதான்.

இலையடிச் செதில்: இலைக்காம்பு சேரும் இடத்தில் உள்ள சிறு செதில். அமெரிக்க மரத்தில் நூல்போல மெலிந்து சீக்கிரமே உதிர்ந்துவிடும். சீன மரத்தில் அகலமான முக்கோணமாகக் கோடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. ஜூலையில் இதைவிட எளிய சோதனை கிடையாது.

கொட்டை: அமெரிக்கக் கொட்டை அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம், நுனி கூராக நீண்டிருக்கும், நுனியிலிருந்து கீழே மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வெளிர் ரோமம் மூடியிருக்கும். சீனக் கொட்டை முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை, நுனி மழுங்கல், ரோமம் நுனியை ஒட்டி மட்டும். கடையில் வாங்கும் கொட்டை அளவுக்குக் காட்டில் கிடைத்தால் அது அமெரிக்கச் செஸ்ட்நட் அல்ல.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம். நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் என்றால் கலப்பின மரமாக இருக்க வாய்ப்புண்டு. ஜப்பானிய, ஐரோப்பியச் செஸ்ட்நட்களையும் அந்த நாட்டில் நிறைய நட்டிருக்கிறார்கள், எல்லாம் ஒன்றோடொன்று கலக்கும். கலப்பினத்தைக் கண்ணால் உறுதி செய்ய முடியாது, மரபணுச் சோதனைதான் வழி.

ஓக், பீச் இலைகளும் இதே மாதிரி இருக்கின்றனவே?

இருக்கும். மூன்றும் ஒரே குடும்பம். செஸ்ட்நட் ஓக் இலையின் ஓரம் கூரான பல்லாக இல்லாமல் உருண்ட அலையாக இருக்கும். சாடூத் ஓக் என்ற ஆசிய ஓக்தான் ஆளை ஏமாற்றும், அதன் இலை அசல் செஸ்ட்நட் மாதிரியே கூர்ப்பல்லோடு இருக்கும். அப்போது சுள்ளி நுனியைப் பாருங்கள். எந்த ஓக்காக இருந்தாலும் நுனியில் மொட்டுகள் மூன்று நான்காகக் கூட்டமாக இருக்கும். செஸ்ட்நட்டில் நுனியில் ஒற்றை மொட்டு, சற்றுச் சாய்ந்து நிற்கும்.

பீச் இலை சிறியது, 2 முதல் 5 அங்குலம், பல் மிகச் சிறியது. அதன் மொட்டு முக்கால் அங்குலத்துக்குமேல் நீண்டு ஊசிபோலக் கூராக இருக்கும். பட்டை முதிர்ந்த பின்னும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். செஸ்ட்நட் இளமையில்தான் வழவழப்பு, முதிர்ந்தால் பட்டை நீளவாக்கில் வெடித்துத் தட்டையான வரிகளாகும்.

குதிரைச் செஸ்ட்நட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை, உறவே கிடையாது. குதிரைச் செஸ்ட்நட் நச்சு, சாப்பிடக் கூடாது. அதன் இலை ஒரே காம்பில் விரித்த விரல்கள்போல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் கொண்டது, இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். கொட்டை உருண்டையாகப் பளபளக்கும், கூரான நுனி இருக்காது. அதன் ஓட்டில் அங்கங்கே குட்டையான முள்தான் இருக்கும். உண்ணத்தக்க செஸ்ட்நட்டின் முள்ளோடு ஊசி குத்த இடமில்லாத அளவுக்கு அடர்ந்த முள் மூடியது. குதிரைச் செஸ்ட்நட்டின் உறவான பக்கை (buckeye) மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொட்டையில் கூர் நுனி இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள்.

சிங்கப்பின் என்று ஒன்று சொன்னீர்களே?

அல்லெகேனி சிங்கப்பின் (காஸ்டானியா புமிலா) செஸ்ட்நட்டின் சொந்தத் தங்கை. தென்கிழக்கு மாநிலங்களில் புதராகவோ குட்டை மரமாகவோ வளரும். முள்ளோட்டுக்குள் ஒரே ஒரு உருண்டைக் கொட்டைதான் இருக்கும். ஓடு இரண்டாகப் பிளக்கும். அமெரிக்கச் செஸ்ட்நட்டில் ஓடு நான்காக விரியும், உள்ளே இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் ஒன்றையொன்று தட்டையாக நெருக்கி இருக்கும். சிங்கப்பின் இலையின் அடி வெண்மையாக ரோமம் படர்ந்திருக்கும்.

போனில் செயலி வைத்துப் பார்த்தால் போதாதா?

இனம் செஸ்ட்நட்தான் என்பது வரை செயலி பெரும்பாலும் சரியாகச் சொல்லும். அமெரிக்கனா சீனனா என்பதில் அதன் பேச்சை நம்பாதீர்கள். மேலிருந்து எடுத்த ஒரே ஒரு இலைப் படத்தில் ரோமமும் மொட்டும் தெரியாது.

மரத்துக்கு நோய் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

தூரத்திலிருந்து பார்த்தால் கோடை நடுவில் ஒரு கிளை மட்டும் இலையெல்லாம் பழுப்பாகிக் கொட்டாமல் தொங்கும். அந்தக் கிளையின் கீழே பட்டையைத் தேடுங்கள். புண் பிடித்த இடம் சற்றே அமுங்கியோ வீங்கியோ, நீளவாக்கில் வெடித்தோ இருக்கும். இளம் பட்டையில் அந்த இடம் ஆரஞ்சாக நிறம் மாறும். மேலே குண்டூசித் தலையளவு ஆரஞ்சுப் புள்ளிகள் கொப்புளித்திருக்கும், பூஞ்சையின் வித்துக்கள் அவற்றிலிருந்துதான் வருகின்றன. புண்ணுக்குக் கீழே புதுத் துளிர்கள் கிளம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பூஞ்சை பட்டைக்கு அடியில் சுற்றிவளைத்துத் தண்டை முழு வளையமாக நெரித்ததும் அதற்கு மேலே உள்ளதெல்லாம் சாகும்.

சோதிக்கிறோம் என்று பட்டையை உரிக்காதீர்கள், கத்தியால் கீறாதீர்கள். காயத்தின் வழியாகத்தான் பூஞ்சை நுழைகிறது. ஒரு மரத்தில் பயன்படுத்திய கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த பிறகே அடுத்த மரத்தைத் தொடுங்கள். வித்து மழையிலும் காற்றிலும் பூச்சி, பறவை மூலமும் பரவும், நாமும் ஒரு வழியாக இருக்க வேண்டியதில்லை.

தெற்கே, குறிப்பாக அப்பலாச்சிய மலைகளின் கிழக்கு அடிவாரமான பீட்மாண்ட் பீடபூமியில் வேறொரு எமன் உண்டு. ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் நோய். அது வேரையே கொன்றுவிடுவதால் மறுதாம்புகூட வராது. அந்தப் பகுதியில் தாழ்வான இடங்களில் தேடி எதுவும் கிடைக்காமல் போவதற்கு அதுவே பெரிய காரணம். கிளை நுனியில் பச்சை அல்லது சிவப்பு முடிச்சுகள் கண்டால் அது ஆசியச் செஸ்ட்நட் முடிச்சுக் குளவியின் வேலை. அமெரிக்காவில் அதை 1974இல் ஜார்ஜியா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள்.

பெரிய மரமாக நோயில்லாமல் நிற்கிறது. நோய் எதிர்ப்புள்ள மரமா?

பெரும்பாலும் இல்லை. நோய் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்கை எல்லைக்கு மேற்கே, விஸ்கான்சினின் வெஸ்ட் சேலம் அருகே குடியேறிகள் நட்டதிலிருந்து பெருகிய பெரிய தோப்பு பல்லாண்டு தப்பித்திருந்தது. 1980களில் அங்கேயும் நோய் வந்தது. வடக்கு எல்லையில் மெயின் மாநிலத்தின் லவல் பகுதியில் 2015இல் 115 அடி உயர மரம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இப்படித் தனித்து விடப்பட்டதால் வளர்ந்தவை உண்டு.

ஆனாலும் அந்த மரம் மதிப்பு வாய்ந்தது. சீன மரத்தின் எதிர்ப்பைக் கலந்து புது மரம் உருவாக்கும் முயற்சியில் 1983இல் தொடங்கிய அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை ஈடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்தின் குளிருக்கும் மண்ணுக்கும் பழகிய காட்டு மரங்களின் மகரந்தமும் விதையும் அதற்குத் தேவை. ஒரு பூக்கும் மரம் பதிவாகாமல் பட்டுப்போனால், வேர் மறுபடி துளிர்த்துப் பூக்கும் வரை அந்த வட்டாரத்து மரபு கைக்கு எட்டாது. நீங்கள் பதிவு செய்யும் ஒரு மரம் உண்மையிலேயே ஆராய்ச்சிக்குப் போய்ச் சேருகிறது.

எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

இடத்தின் ஆயங்கள், தேதி, தண்டின் விட்டம், தோராய உயரம், பூவோ முள்ளோடோ இருக்கிறதா, பட்டையில் புண் இருக்கிறதா. விட்டத்தைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளப்பதுதான் வழக்கம். தையல் நாடாவால் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் போதும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்தில் நின்று அளக்கவும்.

படங்கள்: இலையின் முன்பக்கம், பின்பக்கம் கிட்டத்தில், மொட்டோடு சுள்ளி, பட்டை, முழு மரம். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். கென்டக்கி, டென்னஸி பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய ட்ரீஸ்னாப் செயலியில் இதையெல்லாம் நேராக ஏற்றலாம். ஆயங்களைச் சமூக ஊடகத்தில் பொதுவில் போடாதீர்கள். ஒரு பருவத்தில் கொட்டை பொறுக்க வரும் கூட்டமே மரத்தைச் சுற்றி மண்ணை இறுக்கிவிடும்.

அறக்கட்டளைக்கு இலை மாதிரி எப்படி எடுத்து அனுப்புவது?

வெயில் படும் கிளையில் 6 முதல் 12 அங்குலச் சுள்ளியை, இலைகளோடும் மொட்டோடும் கத்தரியுங்கள். தனி இலையைப் பிய்த்து அனுப்பினால் மொட்டும் சுள்ளியும் இல்லாததால் பயனில்லை. இலைகளை விரித்து, ஓரிரண்டைப் பின்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து இரண்டு அட்டைகளுக்கு இடையே அழுத்துங்கள். மேலே கனமான புத்தகம் வைத்து நாலைந்து நாள் காயவிட்டு, அட்டையோடு உறைக்குள் போட்டு அனுப்பலாம். பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள். இரண்டே நாளில் பூசணம் பிடித்து இலை கறுத்துவிடும், ரோமத்தைப் பார்க்கவே முடியாது. அறக்கட்டளையின் தளத்தில் மாதிரிப் படிவம் உண்டு, அதையும் நிரப்பி உடன் வையுங்கள்.

அனுமதி வேண்டுமா?

தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் சுள்ளி ஒடிப்பது சட்டவிரோதம். அங்கே படம் மட்டும் எடுங்கள். தேசிய வனம், மாநிலப் பூங்கா ஆகியவற்றின் விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் நிலத்தில் உரிமையாளரைக் கேட்காமல் நுழையவே வேண்டாம்.

கனடாவில் உண்டா?

தெற்கு ஒன்டாரியோவில், முக்கியமாக ஈரி ஏரியை ஒட்டிய மணற்பாங்கான காடுகளில் உண்டு. டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்கள் ஹாமில்டன், நயாகரா, அதற்கு மேற்கே நோர்ஃபோக் பக்கம் போக வேண்டும். அங்கே இது கூட்டரசுச் சட்டப்படி அழியும் நிலையில் உள்ள இனம் என்பதால் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். கண்டதைக் கனடியச் செஸ்ட்நட் மன்றத்துக்குத் தெரிவிக்கலாம்.

மரத்தடியில் முள்ளோடு நிறையக் கிடக்கிறது, கொட்டையெல்லாம் சப்பையாக இருக்கிறதே?

தனி மரம் என்பதுதான் காரணம். செஸ்ட்நட் தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. சுமார் 200 அடிக்குள் இன்னொரு மரம் பூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடு வளரும், உள்ளே காகிதம்போலத் தட்டையான பதர்தான் இருக்கும். அதேபோல, முழுக் கொட்டை கிடைத்தால் பக்கத்தில் இன்னொரு மரம் பூத்திருக்கிறது என்று பொருள். உடனே சுற்றிலும் தேடுங்கள்.

காட்டில் என்ன கவனம் வேண்டும்?

உண்ணிதான் முதல் ஆபத்து, லைம் நோயைப் பரப்பும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீடு திரும்பியதும் உடலை முழுக்கப் பாருங்கள். மூன்று சிற்றிலைகள் கொண்ட நச்சுக்கொடியை (பாய்சன் ஐவி) தொடாதீர்கள். பாறை முகடுகளில் கிலுகிலுப்பைப் பாம்பு வெயில் காயும், கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். முள்ளோட்டைக் கையாளத் தோல் கையுறை வேண்டும், துணிக் கையுறையை முள் துளைத்துவிடும்.

மறுதாம்பைத் தோண்டி வந்து வீட்டில் நடலாமா?

வேண்டாம். அந்தச் சின்னத் தண்டுக்குக் கீழே பழைய மரத்தின் வேர்க்கட்டை இருக்கிறது. தோண்டினால் துண்டுதான் வரும், அதுவும் பிழைக்காது, அங்கே இருந்த மரமும் போய்விடும்.

அனுமதியோடு பொறுக்கிய கொட்டையிலிருந்து வளர்ப்பதே முறை. வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றைக் கழியுங்கள். உள்ளே வண்டுப்புழு இருக்கக்கூடும் என்பதால் 49 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து எடுங்கள். சூடு அதைவிட ஏறினால் முளைப்புத்திறன் கெடும், வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள். செஸ்ட்நட் கொட்டை காய்ந்தால் செத்துவிடும், ஆகவே பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான பீட் பாசியில் கலந்து, காற்றுத் துளையிட்ட பையில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 1 முதல் 4 டிகிரியில் குறைந்தது இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து பூசணம் பிடித்ததை எடுத்துவிடுங்கள். ஏப்ரலில் முளைவேர் கீழே பார்க்கும்படி ஓர் அங்குல ஆழத்தில் நட்டு, அணில் தோண்டாமல் இருக்கக் குழாய்க் கூண்டை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்கி நிறுத்துங்கள்.